பிக்அப் டிரக்குக்குக் கட்டுப்படியாகும் எக்ஸாஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டகோமா, டண்ட்ரா என்று பிக்அப் வைத்திருக்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். வண்டியின் சத்தம் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும் என்ற ஆசையிலோ, பழைய குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததாலோ எக்ஸாஸ்ட் மாற்றக் கிளம்புகிறார்கள். 40 டாலர் சைலன்சர் முதல் 2,000 டாலர் கிட் வரை கண்ணில் படும்போது குழப்பம் வருவது இயல்புதான். அதிகம் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். விலைகள் எல்லாம் சுமாரானவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

எக்ஸாஸ்ட் என்றால் எந்தெந்தப் பாகம்? நான் மாற்றப்போவது எதை?

இன்ஜினிலிருந்து பின்னோக்கி வருவோம். முதலில் சிலிண்டர்களிலிருந்து புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டு. அதை மாற்றி வைக்கிற பாகத்துக்கு ஹெடர் என்று பெயர். அப்புறம் புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள். அதற்குப் பின்னால் நடுக்குழாய், சில வண்டிகளில் குறிப்பிட்ட ரீங்காரத்தை அடக்கும் ரெசனேட்டர், சைலன்சர், கடைசியாக அச்சுக்கு மேலே வளைந்து போகும் வால்குழாய்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள அனைத்தையும் மாற்றும் கிட்டைத்தான் கேட்-பேக் என்கிறார்கள். குறைந்த செலவில் செய்ய நினைப்பவர் கன்வெர்ட்டருக்கு முன்னால் எதையும் தொட வேண்டாம். அங்கே கை வைத்தால் செலவும் கூடும், செக் இன்ஜின் விளக்கும் எரியும், சட்டமும் குறுக்கே வரும். கடையில் பேசும்போது சைலன்சரை மஃப்லர் என்று சொல்லுங்கள், அங்கே அதுதான் பழக்கம்.

மாற்றினால் பவர் கூடுமா? மைலேஜ் கூடுமா?

புதிய பிக்அப்களில் கம்பெனி எக்ஸாஸ்டே நன்றாக வடிவமைக்கப்பட்டது. கேட்-பேக் மாற்றினால் 5 முதல் 15 குதிரைத்திறன் வரை கூடும் என்று பெட்டியில் போடுவார்கள். கூடினாலும் அது பெரும்பாலும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, இன்ஜின் உச்ச வேகத்தில் சுற்றும்போதுதான். 300, 400 குதிரைத்திறன் உள்ள வண்டியில் அலுவலகத்துக்குப் போகும் வழியில் அது தெரியவே தெரியாது. மைலேஜும் அப்படித்தான். அதுவும் புதிய சத்தத்தைக் கேட்கும் ஆசையில் வலது கால் கொஞ்சம் கனத்துப்போகும், இருந்த மைலேஜும் குறையும்.

நீங்கள் காசு கொடுத்து வாங்குவது சத்தத்தை. இதை மனதில் வைத்துக்கொண்டால் தேவையில்லாத பாதிச் செலவு தானாகக் கழன்றுவிடும்.

எவ்வளவு பட்ஜெட் வைத்துக்கொள்ளலாம்?

அலுமினியம் பூசிய எஃகில் செய்த கேட்-பேக் கிட் 300 முதல் 600 டாலர். 409 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு என்றால் 500 முதல் 900. அதைவிட உயர்ந்த 304 ரகம் 1,000-ஐத் தாண்டும், நல்ல பெயருள்ள கம்பெனியென்றால் 2,000 வரை போகும். மாட்டும் கூலி தனி.

சைலன்சரை மட்டும் வாங்கினால் 40 டாலரிலிருந்து 170 டாலர் வரை. அதை வெட்டி ஒட்டித் தர உள்ளூர் மஃப்லர் ஷாப்பில் பெரும்பாலும் 100 முதல் 200 டாலருக்குள் வாங்குவார்கள்.

அப்படியென்றால் சைலன்சரை மட்டும் மாற்றினால் போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும் என்பேன்.

காரணம், வண்டியோடு வந்த குழாய்கள் பெரும்பாலும் 409 ரக ஸ்டெயின்லெஸ் எஃகால் ஆனவை. அவை இன்னும் உறுதியாக இருக்கும்போது கழற்றிப் போட்டுவிட்டு, 350 டாலருக்கு அலுமினியம் பூசிய கிட் மாட்டினால், இருந்ததைவிட மட்டமான இரும்பைக் காசு கொடுத்து மாட்டுகிறோம். வண்டிக்கு வெளியே கேட்கும் சத்தத்தைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு சைலன்சருடையது. குழாய் நன்றாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 120 டாலருக்கு நல்ல சைலன்சர், 150 டாலர் வெல்டிங் கூலி, அவ்வளவுதான். 300 டாலருக்குள் வேலை முடியும். பிடிக்கவில்லையென்றால் வேறு சைலன்சரை ஒட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

எப்போது முழு கிட் வாங்கலாம்? குழாயே அரித்துப் போயிருந்தால் வாங்கலாம். ஒரு பக்கக் குழாயை இரண்டு பக்கமாக்க வேண்டுமென்றால் வாங்கலாம். வெல்டிங் இல்லாமல் வீட்டிலேயே மாட்டி, வண்டியை விற்கும்போது பழையதைத் திரும்ப மாட்ட நினைப்பவருக்கும் கிட்தான் சரி. லீஸ் வண்டியில் குழாயை வெட்டவே கூடாது.

கடைக்காரரிடம் வேலையை ஒப்படைக்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒட்டப்போகும் குழாய் என்ன உலோகம், வெல்டிங் கம்பி அதற்கு ஏற்றதா? ஸ்டெயின்லெஸ் குழாயில் சாதாரணக் கம்பியால் ஒட்டினால் குழாய் நன்றாக இருக்கும்போதே ஒட்டு மட்டும் துருப்பிடிக்கும். வெல்டிங் செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். இன்றைய வண்டிகள் முழுக்க எலக்ட்ரானிக்ஸ்.

சைலன்சரில் என்ன வகைகள்? எது எப்படிக் கேட்கும்?

உள்ளே தடுப்புத் தகடுகளால் அறை அறையாகப் பிரித்தது ஒரு வகை. ஃப்ளோமாஸ்டர் கம்பெனியின் 40 சீரிஸ் இதற்குப் பெயர் போனது. பழைய அமெரிக்க வி8 (8 சிலிண்டர்) வண்டிகளின் அடித்தொண்டை உறுமல் வேண்டுமென்றால் இது. அதே கம்பெனியின் 50, 70 சீரிஸ் கொஞ்சம் அடக்கமாகக் கேட்கும்.

நேராகப் போகும் துளைக்குழாயைச் சுற்றி ஒலியை உறிஞ்சும் நார் அடைத்தது இன்னொரு வகை. மேக்னாஃப்ளோ, போர்லா இரண்டும் பெரும்பாலும் இந்த முறையில் செய்கிறார்கள். வழுவழுப்பான, ஆழமான சத்தம். சும்மா நிற்கும்போது அடங்கியிருக்கும், மிதித்தால் திறக்கும்.

டர்போ சைலன்சர் என்று விற்பது, புகையை எஸ் வடிவத்தில் திருப்பி அனுப்புவது. டர்போ சார்ஜருக்கும் இதற்கும் இன்று சம்பந்தம் இல்லை. விலை குறைவு, சத்தமும் கம்பெனி சத்தத்துக்கு ஒரு படி மேலேதான். வீட்டில் குழந்தை தூங்குகிற நேரத்தில் வண்டி எடுப்பவர்களுக்கு நல்ல தேர்வு.

செர்ரி பாம், த்ரஷ் போன்ற பெயர்களில் மலிவாகக் கிடைக்கும் கிளாஸ்பேக் ஒரு நீள உருளை. உள்ளே கண்ணாடி நார். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருக்கும். வருடங்கள் போகப் போக நார் எரிந்து வெளியேறி, சத்தம் கூடிக்கொண்டே போகும். விலையைப் பார்த்து வாங்குபவர் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சைலன்சரே இல்லாமல் நேர்க்குழாய் போடுவதுதான் எல்லாவற்றையும்விட மலிவு. செய்யாதீர்கள். பல மாநிலங்களில் அது சட்டப்படி குற்றம், அதோடு பக்கத்து வீட்டில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவரும் நம்மைப் போல் ஒருவர்தான்.

ஹைவேயில் வண்டிக்குள் ஒரு 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் வந்து தலைவலிக்கிறது என்கிறார்களே?

அதற்குப் பெயர் டிரோன். எக்ஸாஸ்ட் மாற்றியவர்கள் வருத்தப்படும் முதல் காரணம் இதுதான். கடை வாசலில் நின்று மிதித்துப் பார்த்தால் தெரியாது. 70 மைல் வேகத்தில் ஆஸ்டினிலிருந்து டாலஸ் போகும் 3 மணி நேரத்தில் தெரியும்.

நான்கு ஸ்ட்ரோக் வி8 இன்ஜினில் ஒரு சுற்றுக்கு 4 சிலிண்டர்களில் எரிபொருள் வெடிக்கும். ஹைவேயில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 30 சுற்று, ஆக நொடிக்கு 120 வெடிப்பு. அதாவது 120 ஹெர்ட்ஸ் ஒலி. வி6-க்கு அதே வேகத்தில் 90 ஹெர்ட்ஸ், 4 சிலிண்டருக்கு 60 ஹெர்ட்ஸ். வண்டியின் கேபின் என்பது மூடிய காற்றுப்பெட்டி. காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் கணீரென்று ஒலிக்குமே, அதே போல் கேபினுக்கும் பிடித்த சுரங்கள் உண்டு. இன்ஜின் வெடிப்பு அந்தச் சுரத்தோடு பொருந்தினால் காது அடைக்கும்.

கம்பெனிக்காரர்கள் ரெசனேட்டரை வைத்திருப்பது இதற்காகத்தான். செலவு குறைவு என்று அதை வெட்டி எறிகிறவர்கள் டிரோனைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

தீர்வு உண்டு. முக்கியக் குழாயிலிருந்து ஒரு முனை மூடிய கிளைக்குழாயைப் பக்கவாட்டில் ஒட்டுவார்கள். ஜே-பைப் என்பார்கள். ஒலி அந்தக் குழாய்க்குள் போய், மூடிய முனையில் மோதித் திரும்பி வரும்போது நேரெதிர் அலையாக வந்து, வருகிற அலையை அழித்துவிடும். அதன் நீளம் ஒலி அலையின் நீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி நொடிக்கு 400 மீட்டர் போகிறது என்று கொண்டால், 120 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 80 சென்டிமீட்டர் குழாய் வேண்டும். உள்ளூர் கடையில் செய்துகொள்ளக்கூடிய வேலைதான். கோர்சா, ஏடபிள்யூஇ போன்ற விலை உயர்ந்த கிட்களில் எதிர் அலையால் டிரோனை அடக்கும் இந்த உத்தி உள்ளேயே அமைந்திருக்கும், அந்த விலையில் ஒரு பங்கு அதற்குத்தான்.

சில்வராடோ, ஹெமி வி8 இன்ஜின் உள்ள ராம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகள் பலவற்றில் ஹைவேயில் எரிபொருள் மிச்சம் பிடிக்கப் பாதி சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும். அப்போது வெடிப்பு பாதியாகி 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதை அடக்க 80 சென்டிமீட்டர் குழாய் போதாது, 1.6 மீட்டருக்கு மேல் வேண்டும். வண்டிக்கு அடியில் அதற்கு இடம் கிடைப்பதே கஷ்டம். இந்த வண்டிகளுக்குச் சத்தம் குறைவான சைலன்சரையே தேர்ந்தெடுங்கள். அதே வருடம், அதே இன்ஜின் வண்டியில் அதே சைலன்சரை மாட்டியவரின் வீடியோவில், கேபினுக்குள் ஹைவேயில் பதிவு செய்த பகுதியைத் தேடிக் கேளுங்கள். வெளியே பின்னால் வைத்து எடுத்த சத்தத்தை நம்பி வாங்க வேண்டாம்.

ஃபோர்டின் எக்கோபூஸ்ட் மாதிரி டர்போ இன்ஜின் வண்டிக்கு?

டர்போ சார்ஜரே சத்தத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அதனால் எஃப்-150 எக்கோபூஸ்ட், 2022 முதல் வரும் டண்ட்ரா, 2024 முதல் வரும் டகோமா போன்றவற்றில் கொஞ்சம் திறந்த சைலன்சர் போட்டாலும் அளவு மீறாது. ஆனால் வி6-ஐ வி8 மாதிரிக் கேட்க வைக்க எந்த சைலன்சராலும் முடியாது. வெடிப்பின் வரிசையே வேறு.

அலுமினைஸ்டு, 409, 304 — எதை வாங்குவது?

நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது.

அலுமினைஸ்டு என்பது சாதாரண எஃகின் மேல் அலுமினியமும் சிலிக்கானும் கலந்த மேல்பூச்சு. பூச்சு இருக்கும் வரை துரு அண்டாது. கல் அடித்தோ, வெல்டிங் சூட்டிலோ பூச்சு போன இடத்தில் துரு தொடங்கும். 409 ரகத்தில் ஏறக்குறைய 11 சதவீதம் குரோமியம் உண்டு. மேலே பழுப்பு நிறத்தில் துரு படியும், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் உள்ளே இறங்கி ஓட்டை விழ நெடுநாள் ஆகும். 304-ல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் நல்லவை செய்யப்படும் அதே ரகம்.

அரிசோனா, டெக்சாஸின் உட்பகுதி, கலிஃபோர்னியாவின் உள்நாட்டு ஊர்களில் இருப்பவர்களுக்கு அலுமினைஸ்டு போதும். 304-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அங்கே வீண். மிச்சிகன், ஒஹாயோ, மினசோட்டா, நியூயார்க் மாதிரி குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களில் கதையே வேறு. அங்கே குறைந்தபட்சம் 409 வாங்குங்கள். வண்டியைப் பத்து வருடம் வைத்திருப்பேன் என்பவர் 304 வாங்கினால் கணக்குச் சரியாக வரும்.

வெளியிலிருந்து வரும் உப்பு மட்டும் எதிரி இல்லை. ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு கேலன் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. நீண்ட தூரம் ஓட்டினால் குழாய் சூடாகி எல்லாம் வெளியேறிவிடும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய்த் திரும்புகிற இரண்டு மைல் ஓட்டத்தில் அந்தத் தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தங்கி, அமிலத்தோடு கலந்து உள்ளிருந்து அரிக்கும். குறைந்த தூரம் ஓட்டுகிற வண்டியின் சைலன்சர்தான் சீக்கிரம் போகும்.

விளம்பரத்தில் வெறுமனே 'ஸ்டெயின்லெஸ்' என்று போட்டிருந்தால் ரகத்தின் எண்ணைக் கேளுங்கள். வெளியே தெரியும் நுனி மட்டும் 304, மற்றதெல்லாம் சாதாரண எஃகு என்ற கிட்கள் நிறைய உண்டு. ஒரு காந்தத்தை எடுத்துப் போய் ஒட்டிப் பாருங்கள். 304 குழாயில் காந்தம் ஒட்டாது, வளைவுகளில் லேசாக இழுக்கலாம். பச்சென்று ஒட்டினால் அது 304 இல்லை. ஆனால் 409-லும் அலுமினைஸ்டிலும் காந்தம் ஒன்று போலவே ஒட்டும், அங்கே எழுத்தில் உள்ள விவரத்தைத்தான் நம்ப வேண்டும்.

குழாய் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்? பேக் பிரஷர் வேண்டாமா?

புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தத்தைத்தான் பேக் பிரஷர் என்கிறார்கள். எந்த இன்ஜினுக்கும் அது தேவையில்லை. புகைக்குத் தேவை நல்ல வேகம். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகையின் வேகம் குறையும், கீழ் வேகத்தில் இழுவை மந்தமாகலாம், சத்தமும் வெறுமையாகும். ஒற்றைக் குழாய் என்றால் வி6-க்கு 2.5 அங்குலம், 5 லிட்டர் சுற்றுவட்டார வி8-க்கு 3 அங்குலம் சரியான அளவு. டிரெய்லர் இழுப்பவர்கள் இதற்கு மேல் போகவே வேண்டாம்.

ஒற்றைக் குழாயா, இரட்டையா? வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

இரட்டைக் குழாய் அழகுக்கு. விலையும் எடையும் கூடும். குறைந்த செலவு என்றால் ஒற்றைக் குழாய், வலது பக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வெளியே வருவது.

வாய் எங்கே முடிகிறது என்பதில் அலட்சியம் கூடாது. காசு மிச்சம் பிடிக்கச் சிலர் வால்குழாயே இல்லாமல், சைலன்சருக்குப் பின்னால் வண்டிக்கு அடியிலேயே கீழ்நோக்கித் திருப்பி விட்டுவிடுவார்கள். சிக்னலில் நிற்கும்போது புகை அடியில் தேங்கும். தரையில் எங்காவது ஓட்டை இருந்தாலோ, பின் கண்ணாடி திறந்திருந்தாலோ நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட் எனப்படும் பின்புறச் சரக்குத் தொட்டியின் மேல் மூடி போட்டு அதில் படுப்பவர்கள், கேம்பர் வைத்திருப்பவர்கள், நாயை ஏற்றிச் செல்பவர்கள் வாய் வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே வரும்படிதான் அமைக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் 60 டாலர் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டிரெய்லர் இழுப்பவர்கள், குழாயின் வாய் டிரெய்லரை மாட்டும் ஹிட்சையும் டிரெய்லரின் மின்கம்பி சாக்கெட்டையும் பார்த்து ஊதாதபடி கவனிக்க வேண்டும்.

என் வண்டிக்கு இந்த கிட் பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருடமும் மாடலும் மட்டும் போதாது. ஒரே வருட எஃப்-150-லேயே கேபின் மூன்று விதம், பெட் மூன்று நீளம். அதனால் சக்கர இடைவெளி மாறும். நான்கு கதவும் ஐந்தரை அடி பெட்டும் உள்ள எஃப்-150-க்கு அது 145 அங்குலம், அதே கேபினில் ஆறரை அடி பெட் என்றால் 157. ஒரு அடி வித்தியாசம்! இன்ஜின் அளவு, கேபின், பெட் நீளம், சக்கர இடைவெளி நான்கையும் கிட்டின் விவரத்தோடு ஒப்பிடுங்கள். சில கிட்களில் குட்டை வண்டிக்குக் குழாயை வெட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள், அது தவறில்லை.

பெயர் தெரியாத கம்பெனி கிட்களில் உலோகத்தைவிடப் பொருத்தம்தான் பெரிய தலைவலி. குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் கம்பி அரை அங்குலம் தள்ளியிருந்தால் குழாய் எங்காவது இடித்துக்கொண்டே இருக்கும். வளைவுகள் மேண்ட்ரல் முறையில் வளைத்தவையா என்று பாருங்கள். உள்ளே அச்சு வைத்து வளைப்பதால் குழாய் நசுங்காது. குழாய்த் தகடு 16 கேஜ், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுப்பதும், அதைச் செயலிழக்கச் செய்வதும் கூட்டரசின் தூய காற்றுச் சட்டப்படி 50 மாநிலங்களிலும் குற்றம். உங்கள் மாநிலத்தில் வாகனச் சோதனை இல்லை என்பதால் அது அனுமதி ஆகிவிடாது. டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் இருக்கும் கவுண்டிகளில் புகைச் சோதனை தொடர்கிறது.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் மாற்றுவது புகை விதிகளில் வராது. அங்கே சத்தம்தான் பிரச்சினை. கலிஃபோர்னியாவில் வாகனச் சட்டம் 27150, 27151 பிரிவுகள் இதைப் பேசுகின்றன. மொத்த எடைத் தகுதி (பாரத்தோடு சேர்த்து அனுமதித்த அதிகபட்ச எடை) 6,000 பவுண்டுக்குக் குறைந்த வண்டிகளுக்கு 95 டெசிபல் வரம்பு. பெரிய பிக்அப்கள் பல அந்த எடையைத் தாண்டியவை, ஆனாலும் அளவுக்கு மீறிய சத்தத்தைத் தடுக்கும் சைலன்சர் இருந்தே ஆக வேண்டும் என்ற பொது விதி அவற்றையும் கட்டும். நியூயார்க் மாநிலம் 2021-ல் நிறைவேற்றிய சட்டம், சத்தத்துக்காக எக்ஸாஸ்ட்டை மாற்றுவதற்கான அதிகபட்ச அபராதத்தை 150 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்த்தியது. மாநில விதியோடு நகர விதியையும் பாருங்கள். வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பென்றால் அவர்களுடைய விதியையும்.

டீசல் பிக்அப்புக்கும் இதேதானா?

டீசலில் துகள் வடிகட்டி என்று ஒரு கூடுதல் பாகம் உண்டு, டிபிஎஃப் என்பார்கள். அதற்குப் பின்னால் மட்டும் மாற்றும் கிட் வாங்கலாம். டிபிஎஃப்பை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடும் 'டிலீட்' கிட் சட்டவிரோதம். 2020-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட கணக்கின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்அப்களில் புகைக் கட்டுப்பாட்டைப் பிடுங்கியிருக்கிறார்கள். அந்தக் கரும்புகை போய்ச் சேருவது பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளையின் நுரையீரலுக்கு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வாரண்டி போய்விடுமா?

கேட்-பேக் மாட்டியதற்காக மட்டும் வண்டியின் வாரண்டியை மறுக்க முடியாது. 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு. நீங்கள் மாட்டிய பாகத்தால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்டினால் மட்டுமே அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குக் கூட்டரசு விதிப்படி 8 வருடம் அல்லது 80,000 மைல் வாரண்டி உண்டு. அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கன்வெர்ட்டர் பக்கம் யாரையும் வெட்ட விடாதீர்கள்.

எக்ஸாஸ்ட் கிட்டுக்குத் தரும் 'லைஃப்டைம்' வாரண்டியைப் படித்துப் பாருங்கள். பல நேரம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் செல்லும், ரசீது வேண்டும், மேல்துருவுக்குப் பொருந்தாது.

வீட்டிலேயே மாட்ட முடியுமா?

கிட் என்றால் முடியும். ஒரு நண்பர் துணை இருந்தால் ஒரு நாள் பகல் போதும்.

வண்டியை முழுக்க ஆற விடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். முந்தின நாள் இரவே எல்லா போல்ட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஸ்பேர் வீலை இறக்கிவிட்டால் கை போக நிறைய இடம் கிடைக்கும். ரப்பர் ஹேங்கர்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் கம்பி வழுக்கிக்கொண்டு வரும்.

புதியதை மாட்டும்போது எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாகக் கோத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு முன்னிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வாருங்கள். பிரேக் ஹோஸ், எரிபொருள் டேங்க், ஸ்பேர் வீல், அச்சு இவற்றிலிருந்து ஒரு அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். வண்டியில் பாரம் ஏற்றினால் அச்சு மேலே வரும், அதற்கும் இடம் விடுங்கள். கிட்டில் யு வடிவக் கிளாம்ப் வந்தால் 40 டாலர் கூடுதலாகச் செலவழித்துப் பட்டையான பேண்டு கிளாம்ப் வாங்கிப் போடுங்கள். யு கிளாம்ப் குழாயை நசுக்கும். நசுங்கிய குழாயைப் பின்னால் கழற்ற நேர்ந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். 50, 100 மைல் ஓட்டியதும் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

புதிதாக மாட்டியதும் புகை வருகிறது, சைலன்சரில் சின்ன ஓட்டை வேறு இருக்கிறது. பழுதா?

இல்லை. முதல் சூட்டில் குழாயில் ஒட்டியிருக்கும் தொழிற்சாலை எண்ணெய் எரியும், அரை மணி நேரத்தில் நின்றுவிடும். வீட்டு கராஜுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். அடியில் இருக்கும் சின்னத் துளை, தேங்கும் தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே போட்டது. அதை அடைத்துவிட வேண்டாம். நார் அடைத்த சைலன்சரின் சத்தம் முதல் சில நூறு மைலில் கொஞ்சம் மாறி, பிறகு நிலைக்கும்.

தமிழ்நாட்டில் இசுஸு டி-மேக்ஸ் பிக்அப் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் செய்யலாமா?

இந்தியாவில் விதி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பு விவரத்திலிருந்து வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. சைலன்சருக்கும் சத்தத்துக்கும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி தனியாக உண்டு. அங்கே பழுதான சைலன்சருக்குப் பதிலாகக் கம்பெனி சைலன்சரையே மாட்டிக்கொள்ளுங்கள்.

யாரோ பயன்படுத்திய எக்ஸாஸ்ட் வாங்கலாமா?

தாராளமாக. புது வண்டி வாங்கிய கையோடு எக்ஸாஸ்ட் மாற்றுபவர்கள் கழற்றிய கம்பெனி எக்ஸாஸ்ட்டை, சில நூறு மைல்கூட ஓடாத நிலையில், மிகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். துருப்பிடித்த குழாய்க்கு மாற்று தேடுபவருக்கு அதைவிட நல்ல பேரம் இல்லை. டிரோன் தாங்காமல் விற்பவரின் 304 கிட்டும் பாதி விலைக்குக் கிடைக்கும். அவர் வண்டியில் பாதி சிலிண்டர் ஓயும் வசதி இருந்து, உங்கள் வண்டியில் அது இல்லையென்றால் அந்த டிரோன் உங்களுக்கு வராமலும் போகலாம். சேர்ந்தே ஓட்டிப் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

கன்வெர்ட்டரோடு சேர்த்து விற்கப்படும் பழைய குழாயை மட்டும் வாங்காதீர்கள். அதற்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றுக்காக நடக்கும் திருட்டில் பிக்அப்களும் தப்புவதில்லை, உயரமாக நிற்பதால் அடியில் நுழைவது சுலபம். கையில் இருப்பது யாருடைய வண்டியிலிருந்து அறுத்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.